வைத்தியர் சொல்லாத ஒரு வரி

ராசா,

சாப்பிட்டாயா, குளிருக்கு என்ன போட்டிருக்கிறாய் என்று தொடங்கினால் நீ இதை அப்படியே மூடி வைத்துவிட்டு, "ஓம் அம்மா, எல்லாம் சரி" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுவாய். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஹம்பேர்க்கில் படிக்கும் படிப்பை விட்டுவிட்டு, மறுபடியும் பல்கேரியாவுக்குப் போய் மருத்துவத்தைத் தொடரப்போவதாகப் போன கிழமை தொலைபேசியில் சொன்னாய். நான் "யோசிச்சுச் செய் அப்பன்" என்றேன். அது என் பதில் இல்லை. போகாதே என்பதுதான் என் பதில். அதைச் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. தொலைபேசியில் நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் நீ அதை முடித்துவிடுகிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம், பழக்கியவர்கள் நாங்கள்தான். கடிதம் என்றால் என்னுடைய வசனங்களை நானே முடிக்கலாம்.

நீ தமிழை மெல்லத்தான் வாசிப்பாய். நல்லது, மெல்ல வாசி. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலருக்கு, பிள்ளைகளின் உயர்கல்வி பற்றி ஒரு தாய் எழுதினால் நன்றாக இருக்கும் என்று என்னைக் கேட்டிருந்தார்கள். நூலகத்தில் வேலை செய்கிறவள், நிறைய வாசிக்கிறவள் என்று என்னைப் பற்றி ஒரு எண்ணம். எந்தப் படிப்புக்கு எவ்வளவு புள்ளி வேண்டும், எந்த நகரத்தில் எது நல்லது என்று எழுதித் தருவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். அப்படித்தான் தொடங்கினேன். எழுத எழுத அது உன்னிடமே வந்து நின்றது. ஆகவே இதை நீ மட்டும் வாசிக்கப்போவதில்லை. எங்கள் ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை. எங்களோடு டுசல்டோர்ஃபில் இருப்பவர்களில் சிலர் எப்படியும் கண்டுபிடிப்பார்கள். மற்றவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றை நினைத்துக்கொள்வார்கள்.

உன்னுடைய பல்லுக்கொழுக்கட்டை வீடியோவில் இருந்து தொடங்குகிறேன். உனக்கு எட்டு மாதம். கீழே இரண்டு பல் முளைத்திருந்தது. புகையிரத நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய வீட்டின் முன்னறையில் உன்னை இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத்துணி பிடித்து, பல்லுப் பல்லாகச் செய்த கொழுக்கட்டைகளைக் கொட்டினோம். உனக்கு முன்னால் ஒரு தட்டில் புத்தகம், பேனா, கண்ணாடி, என்னுடைய சங்கிலி, கத்தரிக்கோல் எல்லாம் பரப்பியிருந்தது. பிள்ளை எதை முதலில் தொடுகிறதோ அதுதான் அதன் வாழ்க்கை என்று எங்கள் ஆட்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்தத் தட்டில் அப்பா தன் பங்குக்கு ஒரு ஸ்டெதஸ்கோப்பையும் வைத்தார். அப்போதுதான் அவர் மருத்துவமனையின் ஊழியர் கன்ரீனில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பழையது, பாவிக்காதது என்று ஒரு தாதி அவருக்குக் கொடுத்திருந்தாள்.

நீ தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. மடியில் விழுந்த கொழுக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பக்கத்தில் இருந்தவர்களுக்கு நீட்டிக்கொண்டிருந்தாய். கமெராவைப் பிடித்திருந்த பெரியம்மாவின் குரல் கேட்கும்: "டேய், வந்த சனத்துக்குப் பரிமாறவோ உன்னை உதில இருத்தினது? தேப்பன்ர வேலையைத்தான் எடுக்கப்போறாய் போல கிடக்கு!" எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார், ஆனால் ஒரு கணம் பிந்தி. அதற்குப் பிறகுதான் படத்தின் ஓரத்தில் இருந்து ஒரு கால் வரும். சாம்பல் நிறக் காலுறை. அந்தக் கால் ஸ்டெதஸ்கோப்பை உன் முழங்காலுக்குப் பக்கத்தில் தள்ளும். நீ அதை எடுப்பாய். கைதட்டல். "டொக்டர்! டொக்டர்!" அந்த இடத்தில் நாங்கள் நிறுத்திவிடுவோம்.

பிறந்தநாள் வந்தாலும் விருந்தினர் வந்தாலும் அந்த வீடியோ ஓடும். நாங்கள் ஒருவரையும் ஏமாற்றவில்லை. அந்தக் காலை எல்லோரும் பார்த்தார்கள். அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள். நீயும் சோபாவில் துள்ளித் துள்ளி, "அப்பான்ர கால் வருது, அப்பான்ர கால் வருது!" என்று கத்துவாய். ஒரு பகிடி எத்தனை வருடம் பகிடியாகவே இருக்கும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. நீ பத்தாம் வகுப்புக்கு வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. "அப்பவே எடுத்தவன்" என்று மட்டும் சொன்னார்கள். நீ ஒன்றையும் எடுக்கவில்லை, ராசா. எட்டு மாதக் குழந்தை எதை எடுக்கும்?

அப்பாவை ஒரு காலாக மட்டும் நினைத்துவிடாதே. அவர் ஊரில் உயிரியல் படித்துக்கொண்டிருந்ததும் இடையில் விட்டுவிட்டு வந்ததும் உனக்கு மனப்பாடம். அதை இங்கே எழுதவில்லை. இங்கே அவர் வைத்தியர்களுக்குச் சாப்பாடு போடுகிறார். எந்த வைத்தியருக்கு வெங்காயம் ஒத்துவராது, யார் சத்திரசிகிச்சை முடிந்து நின்றுகொண்டே சூப் குடிப்பார், யார் நோயாளி இறந்த அன்று இனிப்பு மட்டும் கேட்பார் என்றெல்லாம் அவருக்குத் தெரியும். "என்ர கையால திண்டுட்டுப் போய்த்தானே உயிரைக் காப்பாத்தினம்" என்று வீட்டில் வந்து சொல்வார். அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உன்னை நிறுத்திப் பார்க்க ஆசைப்பட்டார். கோப்பையை நீட்டும் கைகளில் ஒன்று உன் கையாக இருக்க வேண்டும் என்று. அது கெட்ட ஆசை இல்லை. அதனால்தான் அதோடு சண்டை பிடிப்பது இவ்வளவு கடினம்.

இனி, நான் இதுவரை உன்னிடம் கதைக்காத ஒன்றைக் கதைக்க வேண்டும்.

உனக்கு எட்டு வயது. நான் உனக்கு ஒரு தம்பியையோ தங்கச்சியையோ சுமந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்குப் பெண்நோய் வைத்தியரிடம் டேர்மீன், பார்க்க வரச்சொல்லிக் குறித்த நேரம். அப்பாவுக்குக் காலை வேலை. கடையில், பேருந்தில் கதைக்கும் அளவுக்கு எனக்கு ஜேர்மன் வந்தது; வைத்தியர் கதைத்தால் பாதிதான் விளங்கும். ஆகவே பாடசாலைக்கு லீவு சொல்லி உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீடுகளில் அது ஒரு விஷயமே இல்லை. யாருக்கு டேர்மீன் இருந்தாலும் ஒரு பிள்ளை கூடப் போகும். வைத்தியர் வயிற்றில் கருவியை வைத்து நெடுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு கருவியை எடுத்துவிட்டு, என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். பிறகு உன்னைப் பார்த்தார். ஒரு குழந்தையிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவருடைய முகமே மாறியது. வேறு யாராவது வரமுடியுமா என்று கேட்டார். நீ இல்லை என்று தலையாட்டினாய். அவர் சொன்னார். நீ ஒரு சொல்லைத் திருப்பிக் கேட்டாய். அவர் இன்னும் மெதுவாகச் சொன்னார். நீ என் பக்கம் திரும்பி, என் கையைப் பிடிக்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்:

"அம்மா, பாப்பான்ர இதயம் நிண்டிட்டுதாம். இனி அடிக்காதாம். அது உங்கட பிழை இல்லையாம்."

வைத்தியர் அந்தக் கடைசி வரியைச் சொல்லவில்லை. என்னுடைய பாதி ஜேர்மனுக்கும் அது தெரிந்தது. 'பிழை' என்பதற்கு ஜேர்மனில் என்ன சொல் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் அந்தச் சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. அதை நீ கூட்டிச் சொன்னாய். முதல் நாள் நான் தண்ணீர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறியதை நீ பார்த்திருந்தாய். நான் அதைத்தான் நினைப்பேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. எட்டு வயதில்.

எனக்குத் தெரியும் என்பதை இன்றுவரை நான் உனக்குச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனையோ மாதம் எழும்பி நடந்தேன். பிறகு வைத்தியர்களும் அதையே சொன்னார்கள், புத்தகங்களிலும் வாசித்தேன். ஆனால் முதலில் சொன்னது நீ. அதற்கு நன்றி சொல்லவும் முடியவில்லை. மன்னிப்புக் கேட்கவும் முடியவில்லை. இரண்டையும் ஒன்றாகச் சொல்ல எனக்கு ஒரு மொழியிலும் வார்த்தை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் நான் மொழி வகுப்புக்குப் போனேன், நூலகத்துக்குப் போனேன், கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். இனி என்ர பிள்ளை எனக்காக ஒரு கதவுக்குள்ளும் வரக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் அதற்குள் மற்ற வேலை நடந்து முடிந்துவிட்டது.

அன்று பின்னேரம் அப்பா வேலையால் வந்து உன்னை மடியில் இருத்தி, "டொக்டர் என்னடா சொன்னவர்?" என்று கேட்டார். நீ ஜேர்மன் சொற்களோடு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாய். அப்பா அழுதார். அழுதுகொண்டே, "எட்டு வயசில டொக்டரோட டொக்டர் மாதிரிக் கதைச்சிருக்கிறான்" என்றார். துக்கத்துக்குள் அவருக்குப் பிடிக்க ஒன்று கிடைத்தது, பிடித்துக்கொண்டார். அந்தக் கதை ஊரெல்லாம் போயிற்று. பிறகு உன்னை இரவல் கேட்டார்கள். ஒரு வீட்டில் சிறுநீரகம், இன்னொரு வீட்டில் சர்க்கரை, மற்ற வீட்டில் நித்திரை வராத ஒரு அக்கா. "தம்பியை ஒருக்கா அனுப்பிவிடுங்கோ, அவனுக்கு டொக்டர்மார் சொல்லுறது வடிவா விளங்கும்" என்பார்கள். நீ போய் வருவாய். போய்வந்த ஒவ்வொரு முறையும், இவன் டொக்டர்தான் என்பது இன்னும் கொஞ்சம் உறுதியாகும். எங்களுடைய பிழை அங்கேதான் இருக்கிறது. நீ வைத்தியர்களோடு கதைத்ததைப் பார்த்தோம், உனக்கு வைத்தியம் வரும் என்று நினைத்தோம். உனக்கு வந்தது வேறு. ஒருவர் சொல்வதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அதைப் பாவித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்.

போய்வந்த நாட்களில் நீ ஒருவரோடும் கதைக்கமாட்டாய். சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே கீழ்வீட்டுக்குப் போய்விடுவாய். அங்கே காது கேளாத அந்தக் கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர்களோடு காட்ஸ் விளையாடுவாய். கைகளால் கதைக்கப் பழகினாய். சத்தம் இல்லாத வீடு என்பதால் போகிறான் என்று நான் நினைத்தேன். பாதி சரி.

பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனை, அபிடூர் முடிந்ததும் நீ மேசையில் வந்திருந்து சொன்ன நாள் எனக்கு வசனம் வசனமாக நினைவிருக்கிறது. சைகைமொழி மொழிபெயர்ப்புப் படிக்கப்போறன் என்றாய். அப்பா உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார்.

"அதென்ன, கையால கதைக்கிறதோ?"

"ஓம் அப்பா. காது கேளாத ஆக்களுக்கு. டொக்டரிட்ட, கோட்டில, பள்ளிக்கூடத்தில, எல்லா இடத்திலயும் தேவை."

"அப்ப டொக்டரிட்டப் போய் நிண்டு, டொக்டர் சொல்லுறதைச் சொல்லப்போறாய்."

"ஓம்."

"அதை நீ எட்டு வயசிலயே செய்தனீ. அதுக்கேன்ரா யூனிவேர்சிற்றி? மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தது காணும், போதும் ராசா. எங்களுக்காக இருந்ததெல்லாம் காணும். அந்தப் பக்கம் போய் இரு."

நீ திரும்பினாய். என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வைக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அப்பா சொன்னது எனக்கே பிடித்திருந்தது. நிறைய வாசிக்கிறவளுக்கு இருக்கும் ஒரு கேடு இது: நன்றாகச் சொல்லப்பட்ட ஒரு வசனம் உண்மையாகவும் இருக்கும் என்று நம்பிவிடுவது. நான் எழும்பிப் போய்க் கறியைச் சூடாக்கினேன். இங்கே மருத்துவத்துக்கு உன் புள்ளி கொஞ்சம் போதவில்லை. எங்கள் ஆட்களின் பிள்ளைகள் பலர் போகும் வழியில் நீயும் பல்கேரியாவுக்குப் போனாய். உன் பெட்டியில் சோறு அவிக்கும் பானையை வைத்து, அது உடையாமல் இருக்க உன் சேட்டுகளைச் சுற்றியது நான்.

இரண்டு வருடம் படித்தாய். நீ தோற்கவில்லை, இதை மலரில் எழுதுவதில் எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. பெடியன் பாஸ் பண்ணேல்லையாம், அதுதான் விட்டுட்டு வந்தவனாம் என்று சிலர் கதைத்தது என் காதிலும் விழுந்தது. எல்லாச் சோதனையும் பாஸ் பண்ணினாய். தோற்றிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். விதி என்று சொல்லி ஆறியிருப்போம். லீவுக்கு வரும்போதெல்லாம் நீ மெலிந்திருந்தாய், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாய். தொலைபேசியில் அப்பா உன்னிடம் பெரியம்மாவின் முழங்காலுக்கு விளக்கம் கேட்பார். நீ பொறுமையாகச் சொல்வாய். போன கோடையில் வந்து, பயணப்பையைத் திறக்காமல் அப்பாவுக்கு முன்னால் இருந்தாய். மருத்துவமனையில் பயிற்சிக்குப் போனபோது நடந்ததைச் சொன்னாய். கட்டிலில் ரோமா இனத்து வயதான அம்மா ஒருவர். அவருக்குப் பல்கேரிய மொழி சரியாக வராது. பக்கத்தில் நின்ற பேத்திதான், சின்னப்பிள்ளை, வைத்தியர் சொல்வதை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் அந்த மனுசியின்ர வயித்தைப் பாத்தினம், அப்பா. நான் அந்தப் பிள்ளையின்ர வாயைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். அவள் என்ன சொல்லுறாள், எதை விடுறாள் எண்டு. நீங்கள் சொன்னமாதிரி நான் மேசைக்கு அந்தப் பக்கம் போனனான். என்ர கண் இந்தப் பக்கத்தை விட்டு வருகுதில்லை."

அப்பா சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பிடச் சொல்லும் அவனை" என்றார் என்னிடம். நீ அவருக்கு நேர் எதிரே இருந்தாய். அன்றிலிருந்து உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பாளரானேன், தமிழில் இருந்து தமிழுக்கு.

இலையுதிர்காலத்தில் ஹம்பேர்க்குக்குப் போனாய். முதல் கிழமை நீ எடுத்த தொலைபேசி அழைப்பை நான் மறக்கமாட்டேன். எத்தனை வருடத்துக்குப் பிறகு உன் குரல் ஓடிவந்தது! "அம்மா, முதல் பாடம் என்ன தெரியுமோ? ஒண்டும் கூட்டக்கூடாது, ஒண்டும் குறைக்கக்கூடாது. கேட்டதைக் கேட்டபடி. பிழையெண்டாலும் அப்பிடியே. ஆக்களைக் காப்பாத்துறது எங்கட வேலை இல்லையாம்." சிரித்துக்கொண்டு சொன்னாய். நான் சமையலறைக் கதிரையில் இருந்துவிட்டேன். அந்த வைத்தியரின் அறையும், மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த உன் சின்ன முகமும் வந்தன. ஆக்களைக் காப்பாற்றுவது உன்னுடைய வேலை இல்லை என்று உனக்கு யாரோ ஒருவர் கடைசியில் சொல்லிவிட்டார். அது நானாக இருந்திருக்க வேண்டும்.

பிறகு மாசியில் அந்த நாள். நீ வீட்டுக்கு வந்திருந்தாய், திறப்பு உன்னிடம் இல்லை, நான் வேலையில். அப்பாவிடம் திறப்பு வாங்க மருத்துவமனைக் கன்ரீனுக்குப் போனாய். அங்கே நடந்ததை நீ எனக்குச் சொல்லவில்லை, அப்பாதான் சொன்னார். அன்றைக்கு அவர் வந்து ஜாக்கெட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"அந்தப் பெரிய டொக்டரம்மா வந்தவா. வெங்காயம் சாப்பிடாத ஆள். இவன் என்னட்டத் திறப்பு வாங்கிறான். 'இதுதானே உங்கட மகன்? எங்கட ஹெர் கொலேக, எங்கட சக டொக்டர்! எத்தினையாவது செமெஸ்டர்?' எண்டு கேட்டவா."

"நீங்கள் அவவுக்குச் சொல்லேல்லையே, அவன் விட்டுட்டான் எண்டு?"

"என்னெண்டு சொல்லுறது? ஒவ்வொரு நாளும் கேக்கிற மனுசி. நான் சூப்பைக் கலக்கிக்கொண்டு நிண்டனான். இவன் என்னை ஒருக்காப் பாத்தான். பாத்திட்டு, 'அஞ்சாவது' எண்டான். என்ன பாடம் கஷ்டம் எண்டு கேக்க, அதுக்கும் டக்கெண்டு மறுமொழி. அவ கை குடுத்தவா. நிமிந்து நிண்டு கை குடுத்தான்."

அப்பா ஜாக்கெட்டின் பொத்தானைத் திருகினார். பிறகு சொன்னார்: "பொய்யெண்டு தெரியும். தெரிஞ்சும் எனக்குச் சந்தோஷமா இருந்துதப்பா. நான் என்ன மனுசன்?"

அடுத்த நாள் நீ அவரோடு ஒன்றும் கதைக்காமல் ஹம்பேர்க்குக்குப் போய்விட்டாய். போன கிழமை தொலைபேசியில் சொன்னாய்: "திரும்பிப் போறன் அம்மா. அங்க என்னைத் திருப்பி எடுப்பினமாம். அண்டைக்கு அப்பான்ர முகத்தைப் பாத்தனான். எனக்கு ஏலாது."

ராசா, நீ அந்தக் கன்ரீனில் செய்தது எட்டு வயதில் செய்ததுதான். ஒருவர் சொல்லாததை, இன்னொருவர் விழுந்துவிடாமல் இருக்க, கூட்டிச் சொன்னாய். எட்டு வயதில் ஒரு வரி கூட்டினாய். கன்ரீனில் ஒரு செமெஸ்டர். இப்போது உன் ஆயுள் முழுவதையும் கூட்டிச் சொல்லப்போகிறாய். போனால் நீ நல்ல வைத்தியனாகத்தான் வருவாய். என் பயமே அதுதான். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது. நோயாளிகள் உன்னை விரும்புவார்கள், அப்பா உனக்குக் கோப்பை நீட்டுவார், நாங்கள் மலரில் உன் படம் போடுவோம். நீ மட்டும் ஒவ்வொரு கட்டிலடியிலும் பக்கத்தில் நிற்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். அதை எவருக்கும் சொல்லமாட்டாய், ஏனென்றால் எங்களைக் காப்பாற்ற வேண்டும்.

அப்பாவின் முகம் அப்பாவுடையது. அதை எங்களிடம் விட்டுவிட்டுப் போ. அவர் உன்னோடு எப்போது நேராகக் கதைப்பார் என்று எனக்குத் தெரியாது. கதைப்பார் என்று சொல்லி உன்னை ஆறுதல்படுத்தவும் மாட்டேன். அது கூட்டிச் சொல்வதாகிவிடும். அவர் துக்கப்படுவார். கன்ரீனில் அந்த அம்மாவுக்கு உண்மையைச் சொல்ல வேண்டிய நாள் வரும், அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டோடு இருப்பார். நான் பக்கத்தில் இருப்பேன். இதைவிடப் பெரிய துக்கங்களோடு இந்த நாட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். இதையும் வைத்துக்கொள்ள எங்களிடம் இடம் இருக்கிறது. எங்கள் துக்கத்தைச் சந்தோஷமாக மொழிபெயர்த்துத் தரும் வேலையில் இருந்து உன்னை நான் நிறுத்துகிறேன். பன்னிரண்டு பதின்மூன்று வருடம் பிந்தித்தான் நிறுத்துகிறேன்.

இவ்வளவையும் எழுதியபிறகு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் இதை மலருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வைத்தியர் அந்த வரியைச் சொல்லவில்லை என்ற இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கும் அது அப்போதுதான் தெரிந்தது. கன்ரீன் பகுதி வந்ததும் எழும்பிப் பல்கனிக்குப் போனார். நான் வாசிப்பதை நிறுத்தினேன். "வாசியும், கேக்குது" என்றார் அங்கிருந்தே. முடிந்தபிறகு உள்ளே வந்து, பல்கனிக் கதவைச் சாத்தினார். பிறகு கேட்டார்:

"அந்த டொக்டரம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுதானே?"

"தெரியாது."

"அப்ப அனுப்பும்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் ஒன்றையும் தேடாதே. நானும் தேடவில்லை.

இனி எழுதப்போவதை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. அப்போது இதை நான் எழுதியிருக்கவில்லை. அவர் மலரில் வாசிக்கட்டும். நேற்று அவர் வேலைக்குப் போனபிறகு, உன் பல்லுக்கொழுக்கட்டை வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். கொழுக்கட்டை விழுந்தது, நீ எல்லோருக்கும் நீட்டினாய், பெரியம்மா பகிடி விட்டார், கால் வந்தது, நீ எடுத்தாய், கைதட்டினார்கள். வழக்கமாக நிறுத்தும் இடத்தில் கை நீண்டது. நிறுத்தாமல் விட்டேன். அதற்குப் பிறகும் ஓடுகிறது, ராசா. நீ அந்த ரப்பர் குழாயை வாயில் வைத்துக் கடிக்கிறாய். ஒருவரும் கவனிக்கவில்லை, எல்லோரும் இன்னும் "டொக்டர், டொக்டர்" என்றுதான் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். குழாய் தொண்டை வரை போய், நீ ஓங்காளித்து, மூச்சு முட்டி, முகம் சிவந்து வீரிடுகிறாய். கமெரா ஆடுகிறது. அந்தக் கால் ஓடிவருகிறது, இந்த முறை ஆளும் சேர்ந்து. அப்பா உன் வாயில் இருந்து அதைப் பிடுங்கி அறையின் மூலைக்கு எறிகிறார். அது சுவரில் பட்ட சத்தம் கேட்கிறது. உன்னைத் தூக்கித் தோளில் போட்டு, முதுகைத் தட்டித் தட்டி, கொழுக்கட்டைகளை மிதித்துக்கொண்டு அங்கும் இங்கும் நடக்கிறார். அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. படத்தில் அவருடைய முதுகும் உன் அழுகிற முகமும் மட்டும்தான் தெரிகின்றன. அவருடைய குரல் கேட்கிறது.

"வேண்டாம் ராசா. இது வேண்டாம். அப்பா எறிஞ்சிட்டன், அங்க பார். எங்களுக்கு இது வேண்டாம். நீ அழாதை. நீ அழாட்டிக் காணும்."

அவர் குழாயைப் பற்றித்தான் சொன்னார். படிப்பைப் பற்றி இல்லை. அது எனக்குத் தெரியும். நான் ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறேன்.

அம்மா